சைவச் சட்டியில் நண்டுக்கறி

அனலைதீவு
08.08.2025
பின்னேரம் நாலரை

தபாலதிபர் அவர்களுக்கு,

வேலணையில் உங்கள் தபால் கந்தோருக்கு இப்போது கடிதமே வருவதில்லை, வருவதெல்லாம் பில்லும் நோட்டீசும்தான் என்று போன மாதம் குறைப்பட்டீர்கள். இதோ ஒன்று வருகிறது. ஆசைப்பட்டு எழுதுகிறேன் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். இது மாக்கிறேற் அக்காவின் சட்டம். பிள்ளைகளின் சமையல் முகாமுக்கு உதவிக்கு வந்தவர்களின் கைபேசிகளையெல்லாம் வாங்கி ஒரு பிஸ்கற் பேணிக்குள் போட்டுப் பூட்டிவிட்டார். பத்து நாளும் பின்னேரத் தேத்தண்ணிக்குப் பிறகு அரை மணி நேரம், சின்னவர் பெரியவர் எல்லோரும் வீட்டுக்குக் கடிதம் எழுத வேண்டுமாம். காலைப் படகில் தபால் பை போகிறது. இருபத்துநாலு பிள்ளைகளும் பாயில் குப்புறப் படுத்துக்கொண்டு எழுதுகிறார்கள். எனக்கு வீட்டில் உங்களை விட்டால் எழுத ஆள் இல்லை.

சமையல் முகாம் நடப்பது கடற்றொழிலாளர் சங்கத்தின் பழைய மண்டபத்தில். இரண்டு பக்கமும் கடல். காவற்றுறை ஊர்ப் பக்கத்தில் கல்யாண வீடுகளுக்குச் சமைக்கிற மாக்கிறேற் அக்காவைப் பற்றி உங்களுக்குப் புதிதாகச் சொல்ல வேண்டியதில்லை. மீனும் இறைச்சியும் காய்ச்சுகிற மச்ச அடுப்பு அவருடைய பொறுப்பு. சைவ அடுப்பு என்னுடையது. நல்லூர்த் திருவிழாவுக்குக் கொடி ஏறியிருப்பதால் பதினொரு பிள்ளைகள் மச்சம் தொடமாட்டார்கள், நானும் அவர்களோடு சேர்த்தி. சட்டிகள் மாறிவிடக்கூடாது என்று சைவச் சட்டிகளின் கழுத்தில் மஞ்சள் நூல் கட்டியிருக்கிறேன். இன்று அரிசி கழுவத்தான் படிப்பித்தோம். கழுவியதில் பாதி அரிசி நிலத்தில். இன்று பறுவம், முழுநிலவு நாள், கடல் நிறைந்து மண்டபத்துப் படிவரை வந்து நிற்கிறது. பிள்ளைகள் எழுதுவதை நிறுத்திவிட்டு அதைப் பார்க்கிறார்கள். மாக்கிறேற் அக்காவும் பார்க்கிறார்.

சரி, இனி உங்களிடம் கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். போன சனிக்கிழமை யாழ்ப்பாணத்தில் அந்தச் சிறுவர் இல்லத்தில் கஜானியைப் பார்த்துவிட்டு பஸ்ஸில் வந்தோமே, பண்ணைப் பாலத்தில் ஏறிய நேரம் தொடக்கம் வேலணைச் சந்திவரை நீங்கள் ஒரு வார்த்தை பேசவில்லை. கடலைத்தான் பார்த்தீர்கள். ஏழு வயதுப் பிள்ளை எங்களைக் கண்டதும் எழுந்து நின்றாளே, அதைப் பற்றிக்கூட ஒன்றும் சொல்லவில்லை. பதின்மூன்று வருடம் காத்திருந்துவிட்டு ஒரு பிள்ளையை எடுத்து வளர்ப்போம் என்று நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்துதானே முடிவெடுத்தோம்? அதற்குப் பிறகு வீட்டில் ஆறு நாள் மௌனம். நான் கத்தினேன்தான். கத்தாமல் என்ன செய்வது?

வியாழக்கிழமை பதினாலாம் திகதி சிறுவர் நன்னடத்தை உத்தியோகத்தர் அம்மா வீடு பார்க்க வருகிறார். என்னை ஏற்கெனவே விசாரித்துவிட்டார், இனி உங்களைத்தான் பார்க்க வேண்டுமாம். உங்கள் சம்மதப் பத்திரத்தை அன்றைக்கு அவர் கையில் கொடுக்க வேண்டும். கொடுக்காவிட்டால் கஜானி வேறு வீட்டுக்குப் போய்விடுவாள். என்னுடைய பத்திரம் கையெழுத்தோடு அலுமாரி லாச்சிக்குள் இருக்கிறது. உங்களுடையது அதற்குக் கீழே வெறுமையாகக் கிடக்கிறது. நான் பக்கத்தில் நின்றால் என் முகத்துக்காகப் போட்டுவிடுவீர்கள். அப்படி ஒரு கையெழுத்து எனக்கு வேண்டாம். அதற்காகத்தான் இங்கே வந்தேன், தெரிந்துகொள்ளுங்கள்.

குசினியில் மேல் தட்டில் இருப்பவை சைவச் சட்டிகள், கீழே இருப்பது மச்சச் சட்டி. எப்படியும் நீங்கள் கடையில்தான் சாப்பிடப் போகிறீர்கள். சும்மா சொல்லி வைக்கிறேன்.

நிலாந்தினி


வேலணை
09.08.2025

திருமதி நிலாந்தினி ஆரூரன் அவர்களுக்கு,

உமது கடிதம் இன்று பன்னிரண்டே காலுக்கு வந்து சேர்ந்தது. பையைத் திறந்தவன் நான், முத்திரை குத்தியவனும் நான். கையை நீட்டி எடுக்கப் போனால் தபால்காரர் பரமலிங்கம் அண்ணை விடவில்லை. வீட்டு விலாசம் போட்ட கடிதத்தை வீட்டில்தான் கொடுக்க வேண்டும் என்று சைக்கிளில் எடுத்துக்கொண்டு போய்விட்டார். இருபத்திரண்டு வருடமாக அவருக்கு அந்தச் சட்டத்தைச் சொல்லிக் கொடுத்தவனே நான்தான், என்ன செய்வது. கந்தோரைப் பூட்டிவிட்டுப் பின்னாலேயே ஓடிப்போய் எங்கள் வீட்டு வாசல் படலையில் வைத்துக் கையொப்பமிட்டு வாங்கினேன்.

நீர் கேட்டதற்கு இன்று பதில் எழுத முடியவில்லை. பதில் இல்லாமல் இல்லை. அதை எழுதப் பேனையை எடுத்தால் வேறு என்னவோ எழுதுகிறேன். கொஞ்சம் பொறும்.

நான் கடையில் சாப்பிடவில்லை. பக்கத்து வீட்டு இராசமணி அக்கா நேற்றுச் சோறும் கறியும் கொண்டுவந்தார், வேண்டாம் என்று திருப்பி அனுப்பிவிட்டேன். அவர் முகம் கோணியதைப் பார்த்தால் இந்நேரம் தெரு முழுக்கக் கதை போயிருக்கும். காலையில் நானே தேத்தண்ணி போட்டேன். கறுப்பாக வந்தது, குடித்தேன்.

ஒன்று அறிய வேண்டியிருக்கிறது. ஒரு சுண்டு அரிசிக்கு எவ்வளவு தண்ணீர் வைக்க வேண்டும்? மறுதபாலில் அறியத் தரவும். சொதி வைப்பது பற்றியும் விபரமாக எழுதினால் உதவியாக இருக்கும்.

வீடு சத்தமில்லாமல் இருக்கிறது. நீர் ஏசுகிற சத்தம் இல்லாதபடியால் மணிக்கூடு ஓடுகிற சத்தம் கேட்கிறது. இந்த வீட்டில் மணிக்கூடு இவ்வளவு சத்தம் போடும் என்று எனக்கு இதுவரை தெரியாது.

ஆரூரன்


அனலைதீவு
11.08.2025

ஆரூரனுக்கு,

ஞாயிறு தபால் இல்லை என்பதை மறந்து நேற்று முழுக்க இறங்குதுறைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். இன்றுதான் உங்கள் கடிதம் வந்தது. வாசித்துச் சிரித்ததில் பிள்ளைகள் சுற்றிக் கூடிவிட்டார்கள். ரீச்சரின் வீட்டுக்காரருக்குச் சோறு காய்ச்சத் தெரியாது என்று சொன்னேன். அவர்களால் நம்ப முடியவில்லை. ஷாருஜன் என்று ஒரு எட்டு வயதுக்காரன் இருக்கிறான், அவன்தான் உங்களுக்கு இதைச் சொல்லச் சொன்னான்: கழுவிய அரிசிக்கு மேல் சுட்டுவிரலை வைத்தால் விரலின் முதற்கோடு மறையத் தண்ணீர் நிற்க வேண்டும். பெரிய கை, சின்னக் கை என்று வித்தியாசம் இருக்காதோ என்று கேட்டேன். சின்னக் கைக்காரர் கொஞ்சமாகத்தானே சாப்பிடுவார்கள் என்றான்.

சொதி இப்படி. தேங்காயைத் திருவி முதற்பாலை வேறாக எடுத்து வையுங்கள். கடைசிப் பாலில் வெங்காயம், பச்சைமிளகாய், வெந்தயம், கொஞ்சம் மஞ்சள் போட்டு அவியுங்கள். பிறகு முதற்பாலை விட்டுக் கையெடுக்காமல் துழாவ வேண்டும். கொதிக்க விட்டால் திரைந்துவிடும். நுரை எழும்பி வரும்போதே இறக்கிவிடுங்கள், தேசிக்காய்ப் புளி விடுவது இறக்கிய பிறகுதான். அந்த நேரத்தில் கந்தோர் யோசனை வேண்டாம்.

இங்கே மத்தியானம் சாப்பிட்ட பிறகு ஒரு மணி நேரம் எல்லோரும் படுக்க வேண்டும். அந்த ஒரு மணி நேரத்தைப் பற்றி உங்களுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியவில்லை. அடுப்புகள் தணிந்திருக்கும். மண்டபம் முழுக்கத் தேங்காய்ப்பால் மணம். கடல் வெயிலில் வெளிறிப்போய் எது தண்ணீர் எது வானம் என்று பிரியாமல் கிடக்கும், படகுகள் இரண்டுக்கும் நடுவில் நிற்கும். ஷாருஜன் நித்திரையிலும் தேங்காய் திருவுகிறான், கை முன்னும் பின்னும் போய்வருகிறது. நானும் கண்ணயர்ந்துவிட்டேன். இந்தத் தீவு கட்டவிழ்ந்து மெல்ல மெல்ல மிதந்து வேலணைக்கு வந்துவிட்டதாக ஒரு கனவு. எங்கள் குசினி யன்னலில் நீங்கள் நின்றீர்கள். கூப்பிட்டேன், சட்டியைப் பார்த்துக்கொண்டே நின்றீர்கள்.

என்னோடு ஒட்டிக்கொண்டு திரிகிறவள் அனோஜினி. காவற்றுறைப் பிள்ளை, ஒன்பது வயது. தகப்பன் டிலோன் கடற்றொழில் செய்கிறார். அவள் வேதக்காரப் பிள்ளை, நல்லூர் விரதம் அவளுக்கு இல்லை, மச்ச அடுப்பில்தான் நிற்க வேண்டும். ஆனால் அங்கே அரை மணி நேரம், என்னிடம் ஒரு மணி நேரம். நான் ஏன் மீன் சாப்பிடுவதில்லை என்று மூன்று நாளாகக் கேட்கிறாள். சொல்லியிருக்கிறேன், இருந்தும் திருப்தி இல்லை. எனக்கு யாரோ வேண்டுமென்றே தராமல் வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறாள் போலும்.

நீங்கள் ஏன் திடீரென்று சமைக்கிறீர்கள்? நான் இல்லாமலும் உங்களால் இருக்க முடியும் என்று எனக்குக் காட்டுவதற்கா? அப்படியென்றால் சொல்லுங்கள், சொதியை இதோடு நிறுத்திவிடுகிறேன்.

நிலாந்தினி


வேலணை
12.08.2025

நிலாவுக்கு,

சொதி திரைந்துவிட்டது. துழாவத்தான் செய்தேன். நடுவில் உமது கடிதத்தில் அடுத்த வரி என்னவென்று பார்க்கக் கையை எடுத்தேன், அவ்வளவுதான். திரைந்ததையே விட்டுச் சாப்பிட்டேன். இரண்டாவது தரம் சரியாக வந்தது. சோறு விஷயத்தில் ஷாருஜன் சொன்னது சரி. அவனுக்கு என் நன்றியைத் தெரிவிக்கவும்.

உம்மைத் தண்டிக்க நான் சமைக்கவில்லை. பஸ்ஸில் நான் பேசாமல் வந்ததற்கும் இதற்கும் ஒரே காரணம்தான். நேரில் சொல்ல வாய் வரவில்லை. கடிதத்தில் சொல்லிப் பார்க்கிறேன்.

அன்று நீர் இல்லத்துப் பொறுப்பாளரோடு உள்ளே போனீர். நானும் கஜானியும் முன்வாங்கில் இருந்தோம். அங்கே பிள்ளைகள் முறைவைத்துக் குசினிக்கு உதவி செய்வார்கள் போலிருக்கிறது. தனக்கு வெங்காயம் உரிக்கத் தெரியும் என்றாள். பிறகு, “உங்களுக்கு என்ன சமைக்கத் தெரியும்?” என்று கேட்டாள். நான் சிரித்தேன். எங்கள் வீட்டில் அவதான் சமைக்கிறவ, எனக்கு ஒன்றும் தெரியாது என்று பெரிய பகிடி மாதிரிச் சொன்னேன். பிள்ளை கொஞ்ச நேரம் காலை ஆட்டிக்கொண்டு இருந்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

“அப்ப அவ இல்லாமப் போனா எனக்கு ஆர் சோறு தாறது?”

அவளைப் பற்றிய கோப்புகளை நீரும் வாசித்தீர். தாய் செத்த பிறகு தகப்பனால் ஏலாமல் போய்த்தான் அவளை அங்கே கொண்டுபோய் விட்டார்கள். ஏழு வயதுக்குள் ஒரு தரம் பட்டுத் தெளிந்துவிட்டுத்தான் என்னைக் கேட்டிருக்கிறாள். எனக்கு நாற்பத்தாறு வயது. சோற்றுக்குத் தண்ணீர் அளக்கக்கூடத் தெரியாது. அந்த நேரம் நீர் சிரித்துக்கொண்டு வெளியே வந்தீர். பண்ணைப் பாலம் முழுக்க அந்தக் கேள்விதான் எனக்குள் ஓடியது. உமக்குச் சொன்னால், இதெல்லாம் ஒரு கதையோ, நான் இருக்கிறேன்தானே என்பீர். அவளுடைய தாயும் இருந்தவதானே, நிலா.

ஒரு பிள்ளைக்குச் சோறு காய்ச்சிக் கொடுக்க என்னால் ஏலும் என்று தெரியாமல் அந்தப் பத்திரத்தில் கையெழுத்து வைக்க மாட்டேன். இதுதான் என் வீம்பு. வியாழனுக்குள் சோறு, சொதி, ஒரு கறி என்று வைத்திருக்கிறேன். நாளைக்குக் கத்தரிக்காய். அதை முதலில் பொரிக்க வேண்டுமா, நேராகக் காய்ச்சலாமா?

கனவில் நீர் கூப்பிட்டது எனக்குக் கேட்டிருந்தால் திரும்பியிருப்பேன்.

ஆரூரன்


அனலைதீவு
13.08.2025

இஞ்சாருங்கோ,

உங்கள் கடிதம் காலைப் படகில் வந்தது. பூவரச மரத்துக்குக் கீழே நின்று இரண்டு தரம் வாசித்தேன். பத்து நாளாக உங்களைப் பற்றி என்னென்னவோ நினைத்திருந்தேன். நீங்கள் சோற்றுக்குத் தண்ணீர் அளந்துகொண்டிருந்திருக்கிறீர்கள். சந்தோஷத்தில் அழுதுவிட்டேன். பதின்மூன்று வருடத்தில் எனக்கு இவ்வளவு பெரிதாக நீங்கள் ஒன்றும் சொன்னதில்லை.

அந்தச் சந்தோஷம் பன்னிரண்டு மணி வரைக்கும்தான்.

டிலோன் காலையில் பிள்ளைகளுக்கென்று நண்டு அனுப்பியிருந்தார். அது மச்ச அடுப்புப் பக்கம் போனது, நான் கவனிக்கவில்லை. நான் பிள்ளைகளோடு கிணற்றடியில் கீரை கழுவிக்கொண்டிருந்தேன். திரும்பி வந்து என் அடுப்பில் மூடியைத் திறந்தால், மஞ்சள் நூல் கட்டிய பெரிய சட்டிக்குள் நண்டுக்கறி கொதிக்கிறது. பக்கத்தில் அகப்பையோடு அனோஜினி நிற்கிறாள், முகமெல்லாம் வியர்வை.

கண்மண் தெரியாத கோபம் வந்தது. இருந்தது இரண்டே இரண்டு பெரிய சைவச் சட்டிகள். மண்சட்டியில் நண்டு காய்ச்சினால் இனி அது மச்சச் சட்டிதான், கழுவி என்ன பயன்? பதினொரு பிள்ளைகளின் தாய்மார் விரத நாளில் என்னை நம்பி அனுப்பியிருக்கிறார்கள். இதெல்லாம் நியாயம்தான். ஆனால் நியாயம் பேசிக்கொண்டே நான் செய்ததைக் கேளுங்கள். அவள் முகத்துக்கு நேரே, “கண் தெரியாதே உமக்கு? நூல் கட்டியிருக்கெல்லோ?” என்று கத்தினேன். மற்றப் பிள்ளைகளெல்லாம் வேலையை விட்டுவிட்டுப் பார்த்தார்கள். சட்டியை இறக்கிக்கொண்டுபோய் அந்தப் பூவரச மரத்தடியிலேயே கறி முழுவதையும் ஊற்றினேன். காகங்கள் வந்தன. அவள் அழவில்லை. வெறும் சட்டியைப் பார்த்துக்கொண்டு நின்றாள்.

மாக்கிறேற் அக்கா அவளைக் கூட்டிக்கொண்டுபோய்த் தின்னக் கொடுத்துப் பார்த்தார், வாங்கவில்லையாம். ஏன் அந்தச் சட்டியை எடுத்தாய் என்று மெல்லக் கேட்டிருக்கிறார். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன், கேட்டது.

“ரீச்சர் சைவச் சட்டியில காய்ச்சினது மட்டும்தானே சாப்பிடுறவ. அதுதான் ரீச்சருக்கெண்டு அந்தச் சட்டியில காய்ச்சினனான்.”

மூன்று நாள் யோசித்திருக்கிறாள். சட்டிதான் தடை என்று கண்டுபிடித்து, தகப்பனிடம் நண்டு கேட்டு எழுதியிருக்கிறாள். ஒருவரையும் கிட்ட விடாமல் தானே உடைத்து, தானே தூள் கரைத்து, உப்புப் புளி பார்த்து எனக்கென்று காய்ச்சியிருக்கிறாள். அவளுடைய வாழ்நாளில் முதல் கறி. அதை நான் காகத்துக்கு ஊற்றினேன்.

அவசரமாக எழுதுகிறேன். எழுத்து உங்களுக்கு விளங்குமோ தெரியாது. நாளைக்கு வியாழக்கிழமை. இந்தக் கடிதம் அந்த அம்மா வருவதற்கு முன்னால் உங்கள் கையில் கிடைக்க வேண்டும். கையெழுத்துப் போடாதீர்கள். சமைக்கத் தெரியாது என்று நீங்கள் பயந்தீர்கள். சமையல் பழகலாம், நீங்கள் நாலு நாளில் பழகிவிட்டீர்கள். என் வாயையும் கையையும் எங்கே கொண்டுபோய்ப் பழக்குவது? ஒரு சட்டிக்காக ஒரு பிள்ளையை இப்படிச் செய்தவள் நான். கஜானி ஏற்கெனவே எவ்வளவோ பட்டுவிட்டாள். அவள் வேறு வீட்டுக்குப் போகட்டும். சத்தம் போடாத ஒரு தாய் அவளுக்குக் கிடைக்கட்டும்.

கத்தரிக்காயைப் பொரித்துப் போடுங்கள். அதுதான் நல்லது.

நிலா


வேலணை
14.08.2025

நிலா,

உமது கடிதம் வழமைபோலப் பன்னிரண்டே காலுக்கு வந்தது. பரமலிங்கம் அண்ணை உறையைப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்த்தார். இன்றைக்கு வீட்டுக்குக் கொண்டுபோகவில்லை, அங்கேயே என் கையில் தந்துவிட்டார்.

நான் அரை நாள் லீவு எடுத்திருந்தேன். வீட்டுக்கு வந்து வாசித்துவிட்டுக் குசினிக் கதிரையில் இருந்தேன். சோறும் சொதியும் ஆயத்தமாக இருந்தன. கத்தரிக்காய் பொரிந்துகொண்டிருந்தது. மூன்று மணிக்கு வருவதாகச் சொன்ன அம்மா இரண்டு மணிக்கே வந்துவிட்டார். காலையில் நெடுந்தீவுக்குப் போய்ப் படகில் திரும்பி நேராக வருகிறாராம். சாப்பிட்டாரா என்று கேட்டேன். இல்லை என்று சொல்லக் கூச்சப்பட்டார். சாப்பாட்டுக் கோப்பையைக் கழுவிச் சோறு போட்டுக் கொடுத்தேன். சொதியை இரண்டாம் தரமும் கேட்டு வாங்கினார். இதைப் பெருமைக்காக எழுதவில்லை. கொஞ்சம் பெருமைக்காகவும்தான்.

சாப்பிட்டு முடித்துக் கஜானியின் கோப்பைத் திறந்தார். வீடு, கிணறு, பள்ளிக்கூடம் எவ்வளவு தூரம் என்று எல்லாம் கேட்டார். பிறகு, பிள்ளை ஒரு பிழை விட்டால் இந்த வீட்டில் என்ன நடக்கும் என்று கேட்டார். அன்பாகச் சொல்லித் திருத்துவோம் என்ற பதில் என் வாயில் இருந்தது. எல்லோரும் அதைத்தான் சொல்வார்கள், அவரும் அதை எழுதத் தயாராகப் பேனையைப் பிடித்திருந்தார். எனக்கு அதைச் சொல்ல முடியவில்லை. உமது கடிதம் சட்டைப் பையில் இருந்தது.

நிலா, இருபத்திரண்டு வருடத்தில் ஒருவருடைய கடிதத்தை இன்னொருவருக்கு நான் காட்டியதில்லை. இந்த ஊரில் யாருக்கு என்ன வந்தது என்று என்னைப் பெற்ற தாய் கேட்டும் சொன்னதில்லை. இன்றைக்கு உமது கடிதத்தை எடுத்து அந்த அம்மாவின் கையில் கொடுத்தேன். நீர் என்னைப் பிறகு ஏசலாம்.

அவர் முழுதும் வாசித்தார். நான் முற்றத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வாசித்து முடித்துக் கடிதத்தை மடித்து மேசையில் வைத்தார். பிறகு இந்த வீட்டிலும் சட்டிச் சட்டம் இவ்வளவு கடுமையோ என்று கேட்டார். அதற்கு நான் உமக்குச் சொல்லாமல் விட்ட ஒன்றையும் சொல்ல வேண்டி வந்தது. ஞாயிற்றுக்கிழமை வாசலில் மீன் வந்தது. சூடை நாலு வாங்கி ஒரு குழம்பு வைத்துப் பார்த்தேன். எந்தச் சட்டி எந்தத் தட்டில் என்று நீர் எழுதியது சட்டியில் குழம்பு கொதித்த பிறகுதான் ஞாபகம் வந்தது. மேல் தட்டுச் சட்டி. தேசிக்காய் போட்டு மூன்று தரம் கழுவினேன், மணம் போகவில்லை. அந்த அம்மா சட்டியை வாங்கி மணந்து பார்த்துவிட்டுச் சிரித்தார். அனோஜினி என்ன செய்தாளோ அதைத்தான் நானும் செய்தேன். அவளாவது உமக்கென்று செய்தாள்.

பிறகு அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். “நான் போற வீடெல்லாம் ஒருத்தரும் ஒருநாளும் பிள்ளையை ஏசுறேல்லையாம். தான் ஏசினதை எழுதிவச்ச ஆளை இண்டைக்குத்தான் பாக்கிறன். சரி, அதுக்குப் பிறகு அவ என்ன செய்தவ?”

தெரியாது என்றேன். கடிதம் அதோடு முடிகிறது, எனக்கு எப்படித் தெரியும்? ஆனால் எனக்கு உம்மைத் தெரியும்.

“ஒண்டு மட்டும் சொல்லுவன். அந்த நேரம் தொடங்கி அவ ஒண்டும் சாப்பிட்டிருக்கமாட்டா.”

அதை அவர் எழுதிக்கொண்டார். நான் லாச்சியைத் திறந்து இரண்டு பத்திரங்களையும் எடுத்தேன். நீர் போடவேண்டாம் என்று எழுதியும் அவருக்கு முன்னால் வைத்துக் கையெழுத்துப் போட்டேன். உமது முகத்துக்காகப் போடவில்லை. உமது முகம்தான் அங்கே இல்லையே.

இருபத்துமூன்றாம் திகதி சனிக்கிழமை கஜானியைக் கூட்டிக்கொண்டு வரலாமாம். முதலில் இரண்டு நாள் நின்று பார்க்கட்டும், பிறகு மற்றதைப் பார்ப்போம் என்றார். போகும்போது படலையில் நின்று, உம்மைச் சாப்பிடச் சொல்லி எழுதச் சொன்னார்.

சாப்பிடும்.

ஆரூரன்


அனலைதீவு
15.08.2025

இஞ்சாருங்கோ,

என் கடிதத்தை ஊருக்குக் காட்டுகிற தபாலதிபரைப் பற்றி மேலிடத்துக்கு ஒரு முறைப்பாடு எழுத இருந்தேன். இரண்டு வரி எழுதிவிட்டுக் கிழித்துவிட்டேன். சூடை மீன் விஷயத்துக்கு வந்து பார்த்துக்கொள்கிறேன், அதை மன்னிக்கவில்லை.

நீங்கள் சொன்னது சரி. புதன் மத்தியானம் தொடங்கி நான் ஒன்றும் சாப்பிடவில்லை. விரதம் என்று மாக்கிறேற் அக்காவுக்குச் சொன்னேன். அவர் நம்பவில்லை, வற்புறுத்தவும் இல்லை. நேற்றுக் காலையில் அனோஜினியைத் தேடிப் போனேன். பாயில் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். பக்கத்தில் இருந்து, நான் செய்தது பிழை, உம்முடைய பிழை இல்லை, என்னுடையது என்று சொன்னேன். எனக்கென்று காய்ச்சிய கறியை ஊற்றியதற்கு வெட்கப்படுகிறேன் என்றும் சொன்னேன். அவள் திரும்பவில்லை. மன்னிக்க வேண்டும் என்று கேட்கத்தான் போனேன். கேட்கவில்லை. மன்னிப்பது அவளுடைய விருப்பம்.

நேற்று மத்தியானம் எல்லோரும் படுத்துவிட்டார்கள். நான் அடுப்புக் கல்லில் இருந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். பசி மயக்கமோ என்னவோ, கடல் எழும்பி மண்டபத்துக்குள் வந்துவிட்டுத் திரும்பிப் போவதுபோல் இருந்தது. அந்த நேரம் பின்னால் ஒரு சத்தம். அனோஜினி கோப்பையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். வெறும் சோறும் பருப்பும்.

“இது சைவச் சட்டியில காய்ச்சின சைவம், ரீச்சர். மாக்கிறேற் அன்ரி பாத்தவ. சாப்பிடுங்கோ.”

சாப்பிட்டேன். சோறு அடிப்பிடித்திருந்தது, பருப்பில் உப்பு இல்லை. முழுதும் சாப்பிட்டேன். அவள் எனக்கு முன்னால் குந்தியிருந்து ஒவ்வொரு கவளத்தையும் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சாப்பிடவில்லை என்பதை ஒரு நாள் முழுக்க எண்ணிக்கொண்டிருந்திருக்கிறாள். முடிந்ததும் கோப்பையை வாங்கிக்கொண்டு, “நீங்கள் கத்தினது எனக்குப் பிடிக்கேல்லை” என்று சொன்னாள். எனக்கும் பிடிக்கேல்லை என்றேன். சரி என்றுவிட்டுப் போய்விட்டாள். அவ்வளவுதான் நடந்தது. இன்றைக்கு என்னோடு பேசுகிறாள், ஆனால் முன்னைப்போல் கையைப் பிடித்துக்கொண்டு திரியவில்லை. அதற்கு இன்னும் நாள் எடுக்கும். முகாம் முடிய இரண்டு நாள்தான் இருக்கிறது. அதற்குள் வராமலும் போகலாம், வராவிட்டால் அது எனக்குச் சரியான தண்டனைதான்.

நீங்கள் கையெழுத்துப் போட்டதை இன்று காலையில் வாசித்தேன். கோபம் வரவேண்டும் என்று காத்திருந்தேன், வரவில்லை. எனக்குப் பயமாக இருக்கிறது. நான் இனியும் கத்துவேன், உங்களுக்குத் தெரியும். கத்திவிட்டு இப்படிப் போய்ப் பக்கத்தில் இருக்கவும் எனக்குத் தெரியும் என்று நேற்றுத்தான் எனக்கே தெரிந்தது. அது போதுமா என்று தெரியவில்லை. உங்களுக்கும் பயம்தான், பண்ணைப் பாலத்தில் தொடங்கியது. கஜானி இரண்டு உடுப்போடு வந்து எங்கள் வாசலில் நிற்கும்போது எவ்வளவு பயந்துகொண்டு நிற்பாள் என்று நினைத்துப் பாருங்கள்.

ஞாயிற்றுக்கிழமை காலைப் படகில் வருகிறேன். இறங்குதுறைக்கு வரவேண்டாம், நேரே வீட்டுக்கு வருகிறேன். கஜானி வருகிற சனிக்கிழமைச் சமையல் உங்களுடையது. நான் குசினிக்குள் வரமாட்டேன், வாயும் திறக்க மாட்டேன். மூன்று பேரும் பயந்தபடியே ஒன்றாக இருந்து சாப்பிடுவோம். அவள் இரண்டாம் தரம் சோறு கேட்டால் போடுவதற்கு இருக்க வேண்டும். கொஞ்சம் கூடவே காய்ச்சுங்கள்.

நிலா